மொட்டைமாடியில் ஓர் ஏரிக்கரை வீடு

“சுவத்துமேல நடக்காதீங்க டீச்சர், வாசல் இந்தப் பக்கம்!”

ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறிவந்த டீச்சரம்மா அப்படியே நின்றார். சுவர் என்பது தரையில் இழுத்த ஒரு சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு உள்ளே, இடுப்பில் அளவு டேப்பும் காதில் செருகிய பென்சிலுமாக நிற்கிறவர் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். டீச்சரம்மா மறுபேச்சில்லாமல் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்து, “அண்ணே, உங்க ஹால்ல ரெண்டு போர்வை காயப்போட்டுக்கட்டுமா?” என்று கேட்டார்.

“போட்டுக்குங்க. சாமானெல்லாம் வந்துட்டா இடம் இருக்காது” என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை.

வெளிநாட்டில், ஓர் ஏரிக்கரையில் அவர் கட்டிக்கொண்டிருக்கும் விடுமுறை வீட்டின் முழு அளவு வரைபடம் அது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படிக்கட்டே கிடையாது. இருபத்தேழு வருடம் மேலும் கீழுமாகப் போய்வந்தவருக்குத் தரையோடு தரையாக ஒரு வீடு வேண்டுமாம். மழை பெய்தால் வீடு அழிந்துபோகும். மறுநாள் காலை குந்தியிருந்து மறுபடி கட்டிவிடுவார். ஹாலின் வலது கோட்டில் பெரிய ஜன்னல். அதன் முன்னால் மட்டும் நிஜமாகவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். வேலை முடிந்துவந்து மனைவி அவற்றில் ஒன்றில் உட்காருவாள். இன்னொன்று காலியாகவே கிடக்கும், ஏனென்றால் மனிதருக்கு உட்கார வராது.

காப்பியை நடந்துகொண்டே குடிப்பார். சாப்பாடு நின்றபடி. யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டே நிமிடத்தில் எழுந்து கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப்பார்த்து, பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடுவார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, “ஊர்ல இருக்கற நரம்பையெல்லாம் கண்டுபிடிச்சு ஊசி போடறேன். இவருக்குப் போடணும்னா மட்டும் பின்னாடியே ஓடணும்” என்பாள். கேட்டால் அவரிடம் ஒரு நியாயம் தயாராக இருக்கும். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க உள்ள உக்காந்துக்கலாம். வெளிய இருக்கறவன் உக்கார முடியுமா?”

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை உட்கார்ந்தார். இருபத்தைந்து வருட வேலைக்குப் பரிசாக கம்பெனி அனுப்பிவைத்த சுற்றுலாவில், அந்த ஏரிக்கரைக் கல்பெஞ்சில், ஒரு மணி பத்து நிமிடம். கால்கூட ஆடவில்லை. பேசினால் எழுந்துவிடுவாரோ என்று பயந்து மனைவி மூச்சுவிடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னாள். “நானா? உக்காந்திருந்தேனா?” என்று அவர் நம்பாமல் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த நாட்டில் வெளியாள் வீடு கட்ட என்ன சட்டம் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

சட்டம் லேசுப்பட்டதாக இல்லை. வெளிநாட்டார் நிலம் வாங்க முடியாது. முப்பது வருடக் குத்தகைதான். கட்டிடம் மட்டும் சொந்தம். வருடத்துக்குத் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். அனுமதி கிடைத்த இரண்டு வருடத்துக்குள் கட்டிமுடிக்காவிட்டால் நிலம் திரும்பப் போய்விடும். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். “நிலம் அவங்களுது, வீடு உங்களுது. அப்ப கோச்சுக்கிட்டு கிளம்பினா வீட்டைத் தூக்கிட்டு வந்துருவீங்களா மாமா?”

“நட்டு போல்ட்டுல கட்ட விட்டா தூக்கிட்டுதான் வருவேன்” என்றார் அவர்.

அங்கே கட்டுகிற மேஸ்திரிக்கு இவர் மொழி தெரியாது. இவருக்கு அவர் மொழி தெரியாது. எண்களும் கட்டைவிரலும் இருவருக்கும் பொது. மிச்சத்தைப் போனிலுள்ள மொழிபெயர்ப்பு ஏதோ ஒப்பேற்றும். அதனால்தான் வரைபடத்தையே வீடியோவில் காட்டிவிடுவது என்று ஆரம்பத்தில் முடிவு செய்தார். முதல் நாள் தாளைத் தூக்கிப் பிடித்தபோது, போன் திரையில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. தனக்குத்தான் அப்படித் தெரிகிறது, எதிராளிக்கு நேராகத்தான் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ‘சிக்னல் வரல’ என்று பொய் சொல்லி போனை வைத்தார். தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்பக்கத்திலிருந்து கோடுகளை மட்டும் இன்னொரு தாளில் நகலெடுத்தார். எழுத்து வேண்டாம், அளவுகளைத் தனியாக அனுப்பினால் போதும். ஏரி எந்தப் பக்கம் என்று அங்கேயே இருக்கிறவருக்குத் தெரியாதா? மறுநாள் காட்டியபோது திரையில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மேஸ்திரி அதைப் படம் பிடித்து, அரசாங்க முத்திரையும் வாங்கிவிட்டார். அஜாக்கிரதையால் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் ஜாக்கிரதையால் கெட்டார்.

சுவர் எழும்பி ஜன்னலுக்கு இடம் விட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. மேஸ்திரி பெருமையாக அனுப்பிய படத்தில் வீடே இடம் வலம் மாறியிருந்தது; இடப்பக்கம் போய்விட்ட ஹால் ஜன்னலுக்கு வெளியே ஏரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பூசாத சுவர் இருந்தது. இவர் போனில் எகிறிக் குதித்தார். மேஸ்திரி நிதானமாக இவருடைய படத்தையே திருப்பி அனுப்பினார். கூடவே மொழிபெயர்ப்பு: “உங்கள் விருப்பப்படியே கட்டினேன். வெளிநாட்டார் விருப்பத்தை நாங்கள் கேள்வி கேட்பதில்லை. தொடரவா? இடிக்கவா?”

மூன்று நாள் பதில் போகவில்லை. மூன்று நாளும் அவர் மொட்டைமாடியில் நடந்தார். ஹாலிலிருந்து படுக்கையறைக்கு, அங்கிருந்து சமையலறைக்கு, திரும்ப ஹாலுக்கு. ஒவ்வொரு தடவையும் வாசல் வழியாக மட்டுமே. டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்ததில் அதன் ஸ்பிரிங்கே தளர்ந்துவிட்டது. நாலாம் நாள் சாயங்காலம் மனைவி வேலைப் பையோடு நேராக மேலே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“இடிச்சுக் கட்டினா?” என்று கேட்டாள்.

“புது அனுமதி வாங்கணும். எட்டு மாசம் ஆகும். நமக்கு இருக்கறது நாலு மாசம். நிலம் போயிரும்.”

“இடிக்கலைன்னா?”

“நீ உக்கார்ற இடத்துக்கு எதிர்ல அடுத்தவன் சுவரு. அதப் பாக்கவா உன்னை அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறேன்?”

“அப்ப ஏரி எங்கிருந்து தெரியும்?”

“அடுப்படில. அதுதான் இப்ப ஏரிப் பக்கம் போயிருச்சே.”

அவள் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, முறையாக வாசல் வழியே சுற்றிச் சமையலறைக்குள் போனாள். எதிரே கட்டிடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நல்லாத்தான் தெரியுது.”

“ஏழுக்கு ஒம்பதுடி அது. ரெண்டு நாற்காலி போட்டா சமைக்க எங்க இடம்?”

“தொண்ணூறு நாள் லீவுக்குப் போறேன். அங்க போயி யாரு சமைக்கப் போறா?” அவள் திரும்பிப் பார்த்தாள். “நான் ஜன்னலா கேட்டேன்? ஏரியா கேட்டேன்? நீங்க பக்கத்துல உக்காரணும்னுதான் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்சது ஒரு மணி பத்து நிமிஷம்.”

அவர் டேப்பை இடுப்பிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். போனை எடுத்து, மேஸ்திரியின் ‘தொடரவா?’வுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினார். பிறகு காலியாகக் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வாசலுக்குச் சுற்றாமல், சாக்பீஸ் சுவரை மிதித்து நேராக நடந்துபோய், அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.