தம்பியின் சான்றிதழ்

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குக் 'கெடுபிடி' என்றுதான் பெயர். நோயாளிகளின் ரத்த முடிவுகள் இருக்கும் சர்வருக்குள், அடையாள அட்டை மாதிரி அவன் போட்டுக் கொடுத்த டிஜிட்டல் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் நுழைய முடியாது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு சான்றிதழ், அதில் அதற்குரியவரின் பெயர். ஒன்றுடையதை இன்னொன்றில் போட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். பெரிய டாக்டரே கேட்டும் மசியவில்லை. அவனோடு சேர்ந்து சர்வரைப் பார்த்துக்கொண்டவள் அவனுடைய அக்கா. வீட்டிலும் வேலையிலும் அவனோடு மல்லுக்கட்டிய புண்ணியவதி.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் கம்ப்யூட்டரை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் வந்ததும் தன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, யார் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று காட்டும் சர்வர் திரையைப் பார்ப்பாள். தம்பியின் பெயர் இருக்கும். 'வந்துட்டான்' என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் பொழுதை ஓட்டினாள்.

மேலாளர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இறந்தவர் பேர்ல கதவு திறந்து கிடக்கக் கூடாதும்மா. வேற யாராவது புகுந்துட்டா? அவர் சான்றிதழை நீங்களே ரத்து பண்ணிடுங்க."

"சரி சார், இன்னைக்கே பண்ணிடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கை வரவில்லை. "கோச்சுக்காதடா" என்று முணுமுணுத்துவிட்டு ரத்து செய்தாள். திரையிலிருந்து பெயர் போயிற்று. கூடவே அவள் கம்ப்யூட்டரையும் சர்வர் வெளியே தள்ளியது. அனுமதி இல்லை என்றது.

பதறிப்போய்த் தன் கம்ப்யூட்டரில் இருந்த சான்றிதழைத் திறந்தாள். தம்பியின் பெயர்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று இணைப்பு கிடைக்காமல், எல்லோர் முன்னாலும் கண் கலங்கி நின்றாள். "நகரு" என்று உட்கார்ந்து அவன்தான் ஏதோ செய்து முடித்தான். ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவன், தன்னுடையதையே எடுத்து அக்காவுக்குப் போட்டிருக்கிறான். அதைப் பற்றி அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

எழுந்து போய் அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நெட்வொர்க் ஒயர் எப்போதோ கழன்று, தூசி படிந்து தரையில் கிடந்தது. இத்தனை நாளும் சர்வர் திரையில் அவள் தன் பெயரைத் தேடியதே இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்." கழன்ற ஒயரைக் கையில் எடுத்தாள். "அவன் வரல சார். தினமும் நான்தான் வந்திருக்கேன்."