ஆவடியின் ஒரே மர்ஃபி

கரையான்சாவடியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது டெனிஸின் மகள் ஷீலா போன் செய்தாள். "அங்கிள், டாடி காலையில தூக்கத்துலயே போயிட்டாரு." கீரைக்கட்டை அங்கேயே வைத்துவிட்டு ஆவடி பஸ் ஏறினேன். அழ வேண்டியவன், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். டெனிஸ் மர்ஃபியை நினைத்தால் அப்படித்தான் ஆகும்.

எங்கள் தொழிற்சாலையில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். நான் அலுவலக எழுத்தர். அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, பெயரைக் கேட்டு 'எம். டெனிஸ்' என்று பதிந்தவன் நான்தான். நம் ஊரில் கூடவே இன்னொரு பெயர் வந்தால் அது அப்பா பெயராகத்தானே இருக்கும்! அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். "இன்னா மேன், எங்கப்பாவையே மாத்திட்ட? அவரு பேரு ஜோசப். மர்ஃபி எங்க ஊட்டுப் பேரு." திருத்தித் தருகிறேன் என்றேன். "உடு மேன், இருந்துட்டுப் போவுது" என்று சிரித்தார். ஓய்வு பெறும்வரை எம். டெனிஸ்தான்.

அந்தப் பெயர் மீது அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அயர்லாந்திலிருந்து பூந்தமல்லிப் பட்டாளத்துக்கு வந்த முப்பாட்டனார் விட்டுச்சென்ற ஒரே சொத்து அது. "ஆவடி ஃபுல்லா தேடு, ஒரே மர்ஃபி நான்தான்" என்பார். ஷீலா ஐடி வேலைக்குப் போன பிறகு இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: அயர்லாந்திலேயே மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதானாம். நம்மூரில் குமார் மாதிரி. அவர் முகம் தொங்கிவிடும் என்று பயந்தேன். மனிதர் கேக் வாங்கி வந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். "அங்க தடுக்கி உழுந்தா மர்ஃபி மேலதான் உழணுமாம் மேன்!"

பெயரின் பொருளும் அன்றுதான் தெரிந்தது: கடல் வீரன். மெரினாவில் கணுக்கால் நனைந்தாலே பின்வாங்குகிறவர் அவர். நாங்கள் சும்மா விடுவோமா? "வீரரே, அலை வருது!" என்று ஓட்டித் தள்ளினோம். ஷீலா அடுத்துச் சொன்னதுதான் என் மானத்தைக் காப்பாற்றியது. ஆதியில் அது ஒரு மனிதரின் பெயராம். அவர் வழிவந்தவர்கள் அதைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்களாம். "அப்ப நீ எழுதுனது கரீட்டு மேன். அதுவும் ஒரு அப்பன் பேருதான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஷீலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அவர் குரல் இறங்கியது. "ஒரே பொண்ணு. பேரு என்னோட முடிஞ்சுடும் சுந்தரம்." அதற்குப் பதில் ஷீலாவிடம் இருந்தது. மகள் பிறந்ததும் மர்ஃபி என்றே பெயர் வைத்தாள். "பொம்பளப் புள்ளைக்கா?" என்று திகைத்தவரிடம், "நாளைக்கு அவ புள்ளைக்கு அம்மா பேரு 'எம்'மையே இனிஷியலா வைப்பா டாடி" என்றாள். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அவர் இறந்த மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து, "நம் சகோதரர் டெனிஸ்..." என்று தொடங்கி, சற்று நிறுத்தி, "மர்ஃபி" என்றார். முன்வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பேத்தி சட்டென்று கையைத் தூக்கினாள்.

"ப்ரெசென்ட் மிஸ்!"

பாதிரியார் உட்பட அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். ஷீலா அழுதுகொண்டே சிரித்தாள்.

போய் வாருங்கள், டெனிஸ் சார். ஆவடியில் மர்ஃபி இருக்கிறாள்.