ரயிலடி சந்தியாகுவின் பிராந்தி பாட்டில்

"நூறு பேரு எறங்குறான். நூறு பேரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறான். 'எங்கப்பா நல்ல சரக்கு கெடைக்கும்?' கோயிலு எங்க இருக்குன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாயத் தொறந்து கேக்குறானா?"

விழுப்புரத்து ரயில் புதுச்சேரி ஸ்டேஷனில் பெருமூச்சு விட்டு நின்றதும், சந்தியாகு தம் ரிக்ஷாவின் மணியை அடிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லித் தீர்த்துவிடுவார். தினமும் இதே புலம்பல்தான். பக்கத்து வண்டிக்கார ஆதிமூலமும் தினமும் அதே பதிலைத்தான் சொல்வார்.

"கேட்டா மட்டும் ஒனக்கு சவாரியா கெடைக்கப்போவுது? எதிர்லதானய்யா நிக்கிது கோயிலு! நூறு எட்டு வச்சா வாசப்படி."

அதுவும் உண்மைதான். ஸ்டேஷன் வாசலில் நின்று தலையைத் தூக்கினால் இருதய ஆண்டவர் கோயிலின் சிலுவை வைத்த இரண்டு கோபுரமும் கண்ணில் இடிக்கும். ஆனால் மதராஸ் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தலை தூக்க எங்கே நேரம்? அந்தப் பக்கம் மதுவிலக்கு. இங்கே தெருவுக்குத் தெரு கடை. காலையில் நெற்றி நிறைய விபூதியும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக வந்து இறங்குகிற பெரிய மனிதர்கள், சாயங்காலம் திரும்பும்போது வேட்டி எங்கே, தாம் எங்கே என்று தெரியாமல் வருவார்கள். அவர்களைக் கொண்டுபோய் விடுவதும் அள்ளிக்கொண்டு வந்து ரயிலேற்றுவதும்தான் சந்தியாகுவின் பிழைப்பு.

ஐம்பதைத் தொட்ட வயது. சதை என்று ஒன்று இருந்தால் அது கெண்டைக்காலில் மட்டும். முட்டிவரை தொங்கும் காக்கி டவுசர், தலையில் துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். முன்பல் ஒன்று கிடையாது. அது குடிகாலத்தில் சாக்கடைக் கல்லுக்குக் கொடுத்தது. பிரெஞ்சு வெள்ளைக்காரன் போய் வருஷம் நாலாகிவிட்டது. சட்டை போட்ட ஆளைக் கண்டால் இன்னமும் அவன் பாஷையில் "முசே"தான். யார் ஏறினாலும் துண்டால் சீட்டை மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் உட்கார வைப்பார். சீட்டில் தூசி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை.

சலேத்தம்மாள் அவர் மனைவி. அவர்கள் குடியிருக்கும் உப்பளம் பேட்டையில் அவள் குரல் கேட்டால் கோழிகூட வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். அவள் அந்த மனிதனோடு பட்டதற்குக் கணக்கில்லை. வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டு வேண்டுதல் வைத்தாள். மயிர் வளர்வதற்குள் மறுபடி ஆரம்பித்தார். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது எட்டு நாள். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் நாற்பது நாளும் கவுச்சி தொடாமல், கடைப்பக்கம் திரும்பாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் நாற்பது நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் குடித்துவிட்டு வருவார்.

"வாயக் கட்டுனேன், கையக் கட்டுனேன், காலக் கட்டுனேன். உள்ள கெடந்த பசிய எதால கட்டுறது?" என்பார் இப்போது கேட்டால்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி விடியலில் கொட்டு கொட்டென்று மழை. முதல் ரயில் வர நேரமிருந்தது. முந்தின நாள் குடித்தது இறங்காத நிலையில், ஒதுங்க இடம் தேடிக் கோயிலுக்குள் ஏறிவிட்டார். உள்ளே முதல் பூசை நடந்துகொண்டிருந்தது. கடைசித் தூணோரம் குந்தினார். லத்தீன் பூசையில் அவருக்கு என்ன விளங்கும்? ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

"ஆனா யாரோ 'வாடா, ஒக்காரு, சாப்பிட்டியா'ன்னு கேட்டாப்புல இருந்திச்சி. எங்கம்மா செத்தப்புறம் என்னய யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. ரயிலு கூவுனது காதுலயே வுழல."

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒரு வாரம் கழித்து, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டவர் எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. பிறகு தினமும் காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்க ஆரம்பித்தார். குடியை விட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எந்தத் தேதியில் விட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"வீட்ல வயிறு நெறையத் தின்னுட்டு வந்தவன் முன்னாடி பந்தி போட்டா அவன் எலையப் பாத்துட்டு சும்மாதான போவான்? அவ்வளவுதான். நான் ஒண்ணும் வீரனில்ல. எனக்குக் காலயிலயே வயிறு நெறஞ்சிடுது."

அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் இது புரியும். பசித்த பிள்ளையிடமிருந்து வெல்ல டப்பாவைப் பூட்டிவைத்து எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? சோற்றைப் போட்டுவிட்டால் டப்பா திறந்தே கிடக்கலாம்.

அவருக்கு டப்பா திறந்தேதான் கிடந்தது. அதுவும் தினமும், அவர் வண்டியிலேயே. சாயங்கால ரயில் எல்லை தாண்டியதும் மதராஸ் போலீஸ் பெட்டி பெட்டியாக ஏறிச் சோதனை போடும். அதனால் குடித்து மிஞ்சியதைக் கையில் கொண்டுபோக ஆளில்லை. "இந்தா, நீ வச்சிக்க" என்று அரை பாட்டிலும் கால் பாட்டிலுமாக ரிக்ஷா சீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். ரயில் போனதும் சந்தியாகு அவற்றை ஸ்டேஷன் பின்புறச் சாக்கடைக்கு எடுத்துப் போவார். முதல் வருஷமெல்லாம் மூச்சை இறுக அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவிழ்ப்பார். அப்புறம் ஒருநாள், கவிழ்த்து முடித்து, குழாயில் பாட்டிலை அலசும்போதுதான் மூச்சை அடக்க மறந்துபோனது தெரிந்ததாம். அங்கேயே ஈரக்கையோடு சிலுவை போட்டு, "தோத்திரம் ஆண்டவரே" என்றாராம்.

"தோத்திரம் சொல்றதுக்கு எடம் பாத்தான் பாரு, சாக்கடையோரம்!" என்று ஆதிமூலம் இன்றுவரை சிரிக்கிறார். பாட்டிலைத் தன்னிடம் தரச்சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தவர் அவர்.

அலசிய பாட்டில்கள் வீணாவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் சாமியார் உப்புப் போட்டு மந்திரிக்கும் தீர்த்தத்தை அவற்றில் பிடித்து, உப்பளத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களின் வீடுகளுக்குக் கொடுத்துவருவார். முதல் முறை, பீடத்துக்குக் கீழே பிராந்தி பாட்டில்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்துச் சாமியார் திகைத்தே போனார். விஷயம் தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு இன்னொரு தரம் தெளித்தாராம். அதில் ஒரு பாட்டில் சந்தியாகுவின் சீட்டுக்கடியிலும் எப்போதும் கிடக்கும்.

ஊரெல்லாம் அவர் திருந்தினதை நம்பியது. சலேத்தம்மாள் மட்டும் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? பட்டவள் அவள். சாயங்காலம் வாசலில் மறித்து நின்று, "ஊது" என்பாள். அவரும் சின்னப்பிள்ளை மாதிரி "ஹா" என்று ஊதிக் காட்டிவிட்டுத்தான் நிலையைத் தாண்டுவார். இப்படியே நாலு வருஷம் ஓடிற்று. ஒருநாள்கூட அவர் முகம் சுளித்தவரில்லை.

போன சித்திரையில்தான் அது நடந்தது. சவாரி வந்த ஒரு பெரிய இடத்துப் பிள்ளை, கூட வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட, "நீ குடிக்காத உத்தமனாமே!" என்று சந்தியாகுவின் பிடரியைப் பிடித்து இழுத்துக் கிளாசை வாயில் கவிழ்த்துவிட்டான். பாதி சட்டையில் கொட்டியது. மீதி நாக்கில் பட்டது. துப்பினார். சவாரியைச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு, வெறும் வண்டியை ஸ்டேஷனுக்கு மிதித்துவந்து, சீட்டுக்கடியில் கைவிட்டுப் பாட்டிலை எடுத்து வாயில் ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுச் செல்வாம்பாள் அந்தப் பக்கமாக வந்தாள். வந்தவள் நின்று விசாரிப்பாளா? ஓடினாள்.

"அடியே சலேத்து! ஒம் புருஷன் நட்ட நடு ரோட்ல பிராந்தி பாட்டில வாயில கவுத்துக்கிட்டு நிக்கிறாண்டி!"

சலேத்தம்மாள் மீன் அரிந்த கையோடு வந்து சேர்ந்தாள். வண்டிக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். சட்டையில் குப்பென்று நாற்றம்.

"ஊது!"

ஊதினார். நாற்றம் அதிலும் இருந்தது.

"நாக்குல பட்டுச்சி, சலேத்து. முழுங்கல. துப்பிட்டேன்" என்றார். சாட்சிக்கு யாரையும் கூப்பிடவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அவள் அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள். எல்லாரும் பார்க்க, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள் கொஞ்ச நேரம். பிறகு மெள்ள விழுங்கினாள்.

ஆதிமூலத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, சரக்கு எப்பிடி?"

"உப்பு தூக்கலா இருக்கு" என்றாள் அவள்.

மீன் கையாலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திரும்பச் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் சந்தியாகு வழக்கம்போல வாசலில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அங்க இன்னா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? கொழம்பு ஆறுது, உள்ள வா."

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் "ஊது" கிடையாது.

வெளியூர்க்காரர்களே, அடுத்த முறை புதுச்சேரிக்கு வந்தால் அந்த மனிதரை ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள். பச்சைக் கூண்டு வைத்த ரிக்ஷா, பின்பக்கத் தகரத்தில் கோணலாக ஒரு சிலுவை வரைந்திருக்கும். கோபுரம் கண்ணுக்கெதிரே நின்றாலும் பரவாயில்லை, "கோயில் எங்கே இருக்கிறது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். காசில்லாத சவாரி என்று ஆதிமூலம் தலையில் அடித்துக்கொள்வார், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். சந்தியாகு வண்டியை அப்படியே போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் மூட்டையைத் தாமே வாங்கிக்கொண்டு, அந்த நூறு எட்டும் உங்களுக்கு முன்னால் நடந்துபோவார்.