ஏரா வெடிப்பில் இருந்த சாரம்

அண்ணனின் படகு உழவு இயந்திரப் பெட்டியில் கவிழ்த்தபடி வந்து சேர்ந்தது. படகு வரும், ஆள் வரமாட்டான் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். தெற்கே வெகு தூரத்தில் கவிழ்ந்து மிதந்ததைத் தொழிலுக்குப் போனவர்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்து, பக்கத்தில் எழுதியிருந்த எங்கள் ஊர்ப் பெயரை வாசித்துத் தகவல் சொல்லியிருந்தார்கள். பாய்மரம் அடியோடு முறிந்திருந்தது. படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி நீளத்துக்கு ஓடுகிற ஏரா, நடுவில் பிளந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மச்சாள், அதுதான் அண்ணனின் மனைவி, படகை ஒருமுறை சுற்றி வந்தார். அழவில்லை. பிளவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் திருத்தலாமா?" என்று கேட்டார்.

பைபர் படகு திருத்துவதுதான் என் தொழில். முல்லைத்தீவுக் கரையில் ஓட்டை விழுந்த படகுகளெல்லாம் கடைசியில் என் கொட்டிலுக்குத்தான் வரும். ஆனால் இந்தப் படகு வரக்கூடாது என்று நான் எத்தனை தெய்வத்தைக் கும்பிட்டிருப்பேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் அது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். அண்ணன் எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, படகில் மரம் நட்டுப் பாய் ஏற்றினான். பழைய தரப்பாளைப் பாயாகத் தைத்துக் கொடுத்தது மச்சாள்தான். "கப்பல்கார ஐயா, எந்த நாட்டுக்குப் பயணம்?" என்று நான் பகிடி பண்ணினேன். "சிரியடா சிரி. நாளைக்கு நீயும் பாய் கேட்டு வருவாய்" என்றான். அவன் சொன்னதுபோலவே கொஞ்சக் காலம் அந்தப் பாய்தான் அவன் வீட்டு உலையைக் கொதிக்க வைத்தது. பிறகு ஒருநாள் காற்றுத் திரும்பி அவனைத் தண்ணீருக்கடியில் கிடக்கிற கல்லுப்பாரில் கொண்டுபோய் மோதவிட்டது. எஞ்சின் இருந்திருந்தால் விலகியிருப்பான்.

படகைத் திருத்தக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். "ஆளைத் திண்ட படகு. கொளுத்திப்போட்டு வேலையைப் பார்" என்றார். மச்சாள் குரலை உயர்த்தவில்லை. "புள்ளைங்க சாப்பிடணுமே மாமி. பங்குக்குக் குடுத்தா ஏதாச்சும் வரும்" என்றார். மச்சாள் விசுவமடுவில் வளர்ந்தவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு இறங்கி வந்து வயல் செய்த குடும்பம். கலியாணம் கட்டித்தான் கடற்கரைக்கு வந்தார். எங்கள் பேச்சுக்குள் இருந்தும் தன் வீட்டுப் பேச்சை விடவில்லை. கடல் அவருக்குப் பிடிபடவும் இல்லை. ஆகவே கடலைப் பற்றி நாங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினார். பாரில் மோதிய அந்த நிமிஷத்திலேயே அண்ணனுக்கு எல்லாம் முடிந்திருக்கும், வேதனை தெரிந்திருக்காது என்று ஊரே அவருக்குச் சொல்லியிருந்தது. நானும் சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் அதையே திருப்பிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினார்.

பைபர் வேலையில் அவசரம் உதவாது. உடைந்த இடத்தை மட்டும் ஒட்டினால் அடுத்த அலையிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். சுற்றிவரக் கிறைண்டர் பிடித்து, பழுதான பைபரெல்லாம் போய் நல்ல பைபர் தெரியுமட்டும் தேய்க்கவேண்டும். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிடவேண்டும். ஈரம் கொஞ்சம் உள்ளே நின்றாலும் மேலே வைக்கிற கண்ணாடிநார் மாட் பிடிக்காது. மச்சாள் ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்தில் இருப்பார். தூசு பறக்கிறது, தள்ளிப்போங்கோ என்றால் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாரே தவிர நகரமாட்டார்.

அன்றைக்குப் பிளவின் ஓரத்தைத் தேய்க்கும்போது கிறைண்டர் இழுபட்டு நின்றது. தட்டில் நீல நூல் சுற்றியிருந்தது. மீன்வலை நூலாக்கும் என்று நினைத்து விரலால் இழுத்தேன். துணி வந்தது. வெடிப்பின் நீளத்துக்கு, வெளியே மண்ணும் பாசியும் மூடித் தெரியாமல் கிடந்த ஆழத்தில், உள்பக்கத்திலிருந்து, துணியைக் கிழித்துத் திரியாகத் திரித்துத் திரித்து அடைத்திருந்தது. கத்தி நுனியால் குத்தி இறுக்கிய அடையாளம் பைபரில் கீறல் கீறலாய்த் தெரிந்தது. எனக்கு முன்னால் மச்சாள்தான் அதை அடையாளம் கண்டார். அண்ணன் இடுப்பில் கட்டிக்கொண்டு போன, நீலக் கட்டம் போட்ட சாரம். கரை பிரிந்தபோது நீல நூல் முடிந்துபோய்ச் சிவப்பு நூலால் அவரே தைத்துக் கொடுத்தது. அந்தச் சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

"இதைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும் தம்பி?"

"கொஞ்ச நேரந்தான் மச்சாள். கெதியாச் செய்திருப்பான்."

"நான் வயக்காட்டுல வளந்தவ. வரப்பு உடைஞ்சா அடைக்க எவ்வளவு பாடுன்னு தெரியாதா? ஓடுற தண்ணியில, ஒத்தக் கையா." திரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ராத்திரி பூரா இருந்திருக்காரு."

அண்ணன் அடைத்தது நன்றாகப் பிடித்துத்தான் இருந்தது. அவனை ஓட்டை கொல்லவில்லை. அடைத்து முடித்து, விடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தவனைப் பிறகு வந்த ஏதோ ஒரு அலைதான் கவிழ்த்திருக்கவேண்டும். இதை எந்த வாயால் சொல்வது?

"நான் தூங்கிட்டேன் தம்பி" என்றார் மச்சாள். "அன்னைக்கு நல்லாத் தூங்கிட்டேன். மாமி சொன்னாங்கன்னு தூங்கிட்டேன்."

எங்கள் பகுதியில் அப்படி ஒரு வழக்கம். ஆண் கடலில் நிற்கிற இரவில் பெண் முழித்திருந்து வழி பார்க்கக்கூடாது, பார்த்தால் போனவனுக்குக் கடல் கனக்கும் என்பார்கள். மச்சாள் கலியாணமாகி வந்த புதிதில், வாசலில் நின்று கடலைப் பார்த்தவரை அம்மாதான் கூப்பிட்டு, "பேசாமல் வந்து படு பிள்ளை" என்று பழக்கியவர். மச்சாள் இதைச் சொன்ன நேரம், தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது. கோப்பைகளை மரக்குற்றியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு நான் அழுததுபோல அண்ணனின் செத்தவீட்டில்கூட அழவில்லை.

திரிகளை மச்சாளே ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். கிணற்றடியில் அலசி வேலியில் காயப்போட்டார். ஏரா காய்ந்த பிறகு மாட்டை வைத்து, ரெசின் பூசி, காற்றுக் குமிழ் நிற்காமல் உருட்டி, உள்ளும் புறமும் படை படையாக ஏற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு படகை நான் திருத்தியதில்லை. யாருக்காகத் திருத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அந்தப் படகு தொழிலுக்குப் போகிறது. எஞ்சின் பழையபடி ஏறிவிட்டது. ஊர் முதலில் முணுமுணுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேறு கரையிலிருந்து வந்த இரண்டுபேர் பங்குக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். மச்சாளுக்கு அவர்கள் யாரோ எவரோ. ஆனாலும் அவர்கள் கடலில் நிற்கிற இரவுகளில் அவர் கண்மூடுவதில்லை. மிளகாய்க் காம்பு கிள்ளுவார், பிள்ளைகளின் சட்டையைத் தைப்பார். விடியப் படகு கரைக்கு வந்ததும் போய், "சாப்பிட்டீங்களா?" என்று அந்த இருவரையும் கேட்டுவிட்டு வந்துதான் பாயில் சரிவார். பங்கு மீனைக் களவெடுத்துவிடுவார்கள் என்று காவல் இருக்கிறா என்று சிலர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

போன கிழமை ஒருநாள் வெயில் ஏறியபிறகு மச்சாள் வீட்டுக்குப் போனேன். வேலிப் படலையிலிருந்தே வழக்கம்போல மச்சாளைக் கூப்பிட்டேன். வாசலில் கதிரை போட்டு இருந்த அம்மா அவசரமாகக் கை காட்டினார்.

"சத்தம் போடாதை. அவள் இப்பத்தான் படுத்தவள்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் கண்களும் சிவந்து வீங்கியிருந்தன.

"நீங்கள் இன்னும் படுக்கேல்லையோ?"

"அவள் எழும்பட்டும்" என்றார் அம்மா. "பிறகு படுக்கிறன்."