ஒரு மணி நேர தூரத்தில் இருந்த மாமா

என் பீரோவின் அடித்தட்டில் மடிப்புக் கலையாத ஒரு பட்டுப்புடவை இருக்கிறது. அரக்கு நிறம், அகலக்கரை. பெங்களூரிலிருந்து தாய்மாமா அம்மாவுக்காக எடுத்து வந்தது. அதை யாரும் கட்டியதில்லை, இனிக் கட்டவும் முடியாது.

மாமா பெங்களூருக்குப் போய்ச் சம்பாதித்தவர். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்: "பிளேன்ல ஏறினா ஒரு மணி நேரம், மெட்ராஸ்." பெங்களூருக்குச் செஞ்சி வழியாக பஸ்ஸில் போய் வரும் அப்பாவை வைத்துக்கொண்டுதான் சொல்வார். அப்பாவின் முகம் சுண்டிப்போகும். அம்மாவோ அதை அப்படியே நம்பினாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களிலும், பார்க்க வந்தவர்களிடம் தன் தம்பி கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவான் என்றாள். அவ்வளவு பக்கத்தில் இருப்பதாக நினைத்ததால்தானோ என்னவோ, மாமா அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அம்மா ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தாமல் எங்கள் பக்கம் பெண்ணின் பாடையைத் தூக்க மாட்டார்கள். கோடி மாமாதான் கொண்டுவர வேண்டும். சேதி கேட்டதும் பஸ் ஏறியிருந்தால் மதியத்துக்குள் வந்திருப்பார். அவர் விமானத்துக்குப் போனார். விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கேயோ இருந்தது. விமானம் தாமதமாகக் கிளம்பியது. சென்னையில் இறங்கிக் கார் பிடித்தால், ஊரைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் போன் செய்து, வந்துவிட்டேன் என்றார். வெயில் சாயச் சாய, வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்பா ஆளனுப்பிக் கடைத்தெருவில் ஒரு நைலான் புடவை வாங்கிவரச் சொன்னார்.

கடைசி போன் வந்தபோது நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாமாவின் குரல் எனக்கே கேட்டது. "திண்டிவனம் தாண்டிட்டேன். அக்கா முகத்த ஒரு தடவ பாத்துடறேன், இருங்க." அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் முக்கால் மணி நேரம்தான், அப்பா என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் தூரத்துப் பங்காளி ஒருவரைக் கூப்பிட்டு, அந்த நைலான் புடவையைப் போர்த்த வைத்தார்.

"காத்துக்கினு இருந்தது போதும். தூக்குங்கப்பா."

நாங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா புடவைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். ஈரத் தரையைப் பார்த்தார். "அக்கா எங்கம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் சுடுகாட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது தீ பிடித்துவிட்டதாம்.

குளித்துவிட்டுத் திரும்பிய அப்பா, திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். யாரோ காபி கொடுக்கப் போனார்கள். "மச்சானுக்கு எதுக்குங்க காபி? களைப்பே இருக்காது. ஒரு மணி நேரந்தான" என்றார் அப்பா. இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை.

அப்பாவுக்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. ஆனாலும் யார் வந்தாலும் இந்தக் கதையை இன்றுவரை வேடிக்கையாகச் சொல்கிறார். போன வாரமும் சொன்னார். பொறுக்க முடியாமல் பீரோவைத் திறந்து புடவையை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன். கரையை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"நல்ல பட்டும்மா. ஒங்கம்மாவுக்கு எடுப்பா இருந்திருக்கும்" என்றார். பிறகு சிரித்தார். "நான் போயிட்டா ஒங்க மாமனுக்குச் சொல்லாத. பிளேன் ஏறிடப் போறான்."

நான் புடவையை எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தேன்.