தனி ஆளுக்கு எதற்கு கிட் என்று நினைத்தேன்

அன்று தொப்பூர் எடைமேடையில் முதலாளியும், இரண்டு லாரி டிரைவர்களும், நானும் இருந்தோம். அங்கே சுவர் கட்டும் வேலையில் இருந்த என் அப்பா மட்டும் அன்று வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எடை ரசீது போடும் மென்பொருளை முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கித் தனியாக எழுதினேன். செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைத்து, பழையதைத் திருப்பித் தரும் ‘கிட்’ கல்லூரியில் கற்றதுதான். ஒற்றை ஆளுக்கு அது எதற்கென்று, ஃபோல்டரை நகலெடுத்து ‘கடைசி’, ‘புதுக்கடைசி’ என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை அவசரமாக ஒரு திருத்தம் செய்தேன். முதல் லாரிக்கே காலி வண்டியின் எடையைக் கழிக்காமல் ரசீது வந்தது. முந்தைய நாள் நகலைத் தேடினால், அதன் மேலேயே புதியதைச் சேமித்திருந்தேன்.

“நேத்து நல்லா ஓடுச்சுங்க. பொழுதுக்குள்ள சரி பண்ணிடறனுங்க.”

“அதுவரைக்கும் லாரிக்காரன் ரோட்டுல நிப்பானா? உனக்கெதுக்குடா கம்ப்யூட்டரு? போயி உங்கப்பன்கூட சாந்துச் சட்டி தூக்கு” என்றார் முதலாளி. டிரைவர்கள் சிரித்தார்கள்.

கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அது செலவாகிவிட்டது என்றேன்.

“நீ குடுக்க வேணாம். உங்கப்பன் கூலில புடிச்சுக்கறேன்” என்றார்.

இப்போது எவ்வளவு சிறிய வேலையானாலும் முதல் நாளே கிட்டில் போடுகிறேன். தினமும் இணையத்திலும் ஒரு நகல் ஏற்றுகிறேன்.

அப்பாவின் கூலியில் பிடித்தது பன்னிரண்டாயிரம் ரூபாய்.