பிரவுன் பேப்பர் அட்டை

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் சிறப்புப் பள்ளியில், பதினேழு வயது தினேஷுக்குப் பிடித்தது பஸ் படப் புத்தகம்தான். ஷேர் ஆட்டோவில் யாரும் அவனைக் கேலி செய்யக் கூடாதென்று அதற்குப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டேன். பிள்ளைகள் வாயில் வைத்தாலும் பயமில்லை என்று எங்களிடம் இன்னும் மைதாப் பசைதான். அந்தப் புளித்த வாசனை என்னை நான் வளர்ந்த முடிச்சூர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

மீசை அரும்பிய என் அண்ணனின் யானைப் படப் புத்தகத்துக்கு அம்மா இதே பசையால் அட்டை போட்டு, 'பத்தாம் வகுப்பு, அறிவியல்' என்று லேபிள் ஒட்டுவாள்.

"யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?"

சாயங்காலத்துக்குள் அண்ணன் அதைக் கிழித்துவிடுவான். அம்மா திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டுவாள். விருந்தாளிகள் வந்தால் அந்தப் புத்தகத்தின் மேல் நான் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஏன் கிழிக்கிறாய் என்று அவனை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

பர்ரென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். தினேஷ் அட்டையைப் பாதி கிழித்திருந்தான்.

"ஏம்ப்பா கிழிக்கிற?"

"பஸ் தெரியல மிஸ்."

முன்னட்டையிலிருந்த சிவப்பு பஸ்ஸின் முகம் மட்டும் வெளியே வந்திருந்தது. மீதிப் பேப்பரை நானே கிழித்தேன்.